மச்சாளுக்கு வந்த நாய்

எனக்கு என் கணவரின் அக்கா, என் மச்சாள் பெர்னடெற்றைப் பிடிக்காது. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். லண்டன் வால்தம்ஸ்டோ தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆண்டு மலரில் ‘எங்களில் ஒருவர்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்த முறை அதில் அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். காது கேளாத பெண், தனியாக வாழ்கிறாள், நாயோடு பூசைக்கு வருகிறாள், எல்லோருக்கும் முன்மாதிரி என்று நான் எழுதுவேன் என நினைத்தார்கள் போலும். பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் என்பதால் எனக்குத்தான் அவளை நன்றாகத் தெரியுமாம். தெரியும், அதுதான் சிக்கல். ‘அவர்’ என்று மரியாதையாக எழுது என்கிறார் என் கணவர் செபஸ்தியாம்பிள்ளை. நேரில் கண்டால் ‘நீங்கள்’ என்றுதான் சொல்வேன். எழுத்தில் ‘அவள்’தான், மலர்க்குழு வேண்டுமானால் திருத்திக்கொள்ளட்டும்.

பெர்னடெற் மன்னாரில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு அகதி முகாம் ஒன்றில் கடும் காய்ச்சல் வந்தது. போட்ட ஊசிகளில் ஏதோ ஒன்று உயிரைக் காப்பாற்றிவிட்டுக் காதைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பேசிவைத்திருந்த கலியாணமும் அத்தோடு நின்றுபோனது. பாவம், பொறுத்துப்போ என்று எல்லோரும் எனக்குச் சொன்னதற்கு இதுதான் காரணம். நானும் பொறுத்துத்தான் போனேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு அல்ல.

தொண்ணூற்று மூன்றில் என் கணவர் அவளை லண்டனுக்கு எடுப்பித்தார். எங்கள் வீட்டின் சின்ன அறையில் ஒரு கட்டிலும் ஒரு மாதா சொரூபமுமாகக் குடியேறினாள். காது போனாலும் பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் பேசினால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டுவான். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வாள், ஆனால் தமிழ் உதடுகளை மட்டும்தான். டொக்டர், வங்கி, கவுன்சில் கடிதம், சம்பளத் துண்டு எல்லாம் என் வாய்வழியாகத்தான் அவளிடம் போகவேண்டும். அவளுக்கு லண்டன் என்றால் என்னுடைய வாய். அந்த வாயைப் பார்த்தபடியே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி “கறிக்கு உப்புக் காணாது” என்பாள்.

லெய்டனில் ஹோட்டல் விரிப்புகள் வெளுக்கும் லோண்டரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. இயந்திரங்களின் இரைச்சலில் மற்றவர்கள் தலையிடி என்று விலகிப் போகும் இடத்தில் இவள் நிம்மதியாக நின்றாள். ஷிப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். தலையணைக்குக் கீழே வைத்தால் அதிரும் மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். தலையணையோடு அதையும் கீழே தள்ளிவிட்டுத் தூங்கினாள். ஆகவே சனி, ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் நாலரைக்கு நான் எழும்பி, அவளுடைய அறைக்குப் போய்த் தோளில் தட்டவேண்டும். கண்ணைத் திறந்து “என்ன நேரம்?” என்று கத்துவாள். விரல்களால் காட்டுவேன். எழும்பிப் போய்விடுவாள். பதினொரு வருடம் இப்படி. ஒரு நாளும் ஒரு நன்றி கிடையாது. பிறகு எனக்குத் தூக்கம் வராது, குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போடுவேன்.

நாய்க்கு விண்ணப்பம் போட்டது என் சொந்த மகள் அஞ்சலீனா. லெஸ்டரில் பல்கலைக்கழகத்துக்குப் போனவள், அங்கே இன்ரர்நெற்றில் பார்த்து, தன் மாமி பெர்னடெற்றோடு சேர்ந்து ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறாள். காது கேளாதவர்களுக்கு நாய் பழக்கிக் கொடுக்கும் நிறுவனம் அது. எனக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு நாள் ஜில் என்ற வெள்ளைக்காரி கையில் கோப்போடு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும்.

ஜில் நாய்களைப் பழக்குகிறவள். நாற்பது வயதிருக்கும், சப்பாத்தெல்லாம் சேறு. வீட்டில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்றாள். நாய்க்கு நாங்கள் சாப்பாடு கொடுக்கக்கூடாது, கூப்பிடக்கூடாது, அதன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. விருப்பமில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், தவறில்லை என்று என்னைப் பார்த்தே சொன்னாள். என் கணவர் என்னைப் பார்த்தார், மச்சாள் என் உதடுகளைப் பார்த்தாள். கையெழுத்து வைத்தேன். என் வீட்டில் நான் சோறு கொடுக்கக்கூடாத ஓர் உயிரா என்று அன்றிரவு முழுக்க எரிந்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து நாலு மே மாதம் மச்சாள் ஒரு வாரம் அவர்களுடைய நிலையத்தில் தங்கி நாயோடு பழகிவிட்டு அதைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தவிட்டு நிறம், குட்டைக் கால், எந்தச் சாதி என்று சொல்லத் தெரியாத கலப்பு. ஊதாச் சட்டை ஒன்று போட்டிருந்தது. பெயர் பார்ஸ்லி. கொத்தமல்லிக்கு வெள்ளைக்கார ஒன்றுவிட்ட தங்கை போல ஓர் இலை இருக்கிறதே, அதன் பெயர். நாய்க்கு வைக்க வேறு பெயர் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். மச்சாள் என் உதட்டைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். வேண்டாத கதை என்றால் அவளுடைய கண்ணும் கேட்காது.

அது வேலை செய்த விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். கதவு மணி அடித்தால் ஓடிப்போய் மச்சாளின் முழங்காலில் முன்னங்காலால் தட்டும். அவள் இரண்டு கைகளையும் விரித்து என்ன என்று கேட்பாள். கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போகும். குசினியில் குக்கர் விசில் அடித்தாலும் அப்படியே. நெருப்பு அபாயத்துக்கு மட்டும் வேறு மாதிரி: ஸ்மோக் அலாரம் அடித்தால் தட்டிவிட்டு, எங்கும் கூட்டிப் போகாமல், அந்த இடத்திலேயே வயிறு நிலத்தில் படும்படி படுத்துவிடும். ஒவ்வொரு முறையும் மச்சாள் இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஒரு துண்டு தீனி எடுத்துக் கொடுத்து, “நல்ல பிள்ளை!” என்று வீடு அதிரச் சொல்லுவாள். தமிழில் சொன்னால் போதும், குரல்தான் முக்கியம் என்று ஜில் சம்மதித்திருந்தாள்.

நாலரை மணிக்கும் அதுதான் எழுப்பியது. மணிக்கூடு அடிக்கும், கட்டிலில் ஏறி மச்சாளின் தோளில் தட்டும். இனி நீர் எழும்பத் தேவையில்லை என்று அவள் எனக்குச் சொன்னபோது, அப்பாடா என்றிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நாலரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது. அடுத்த அறையில் நாய் கட்டிலில் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு “நல்ல பிள்ளை!” என்ற சத்தம். என் வேலையை ஒரு நாய் பிடுங்கிக்கொண்டது, கூலியும் வாங்குகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நாயோடு பொறாமையா என்று கேட்பவர்கள் பதினொரு வருடம் யாரையாவது தட்டி எழுப்பிப் பார்க்கட்டும்.

கோயிலிலும் அதே புதினம். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை. முதல் ஞாயிறு அவள் நாயோடு உள்ளே வந்தபோது மரியநாயகி அக்கா சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போய்விட்டார். இரண்டு பேர் சுவாமியாரிடம் முறையிட்டார்கள். சட்டப்படி தடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். பிரசங்கம் நாற்பது நிமிடம் போனது. அவ்வளவு நேரமும் அசையாமல் இருந்தது அந்தக் கோயிலில் அந்த நாய் மட்டும்தான். அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

கடைத்தூளில் நான் சமைப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் தாச்சியில் போட்டு நானே வறுத்துத் திரிப்பேன். தூள் வறுக்கிற நாள் என்றால் எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். அப்படியும் குசினி வாசலுக்கு மேலே சீலிங்கில் இருக்கும் ஸ்மோக் அலாரம் ஊளையிடும், துவாயை வீசி நிறுத்துவோம். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மிளகாய் கறுக்கத் தொடங்கவும் அலாரம் அடித்தது. நாய் பாய்ந்து போய் மச்சாளைத் தட்டியிருக்கிறது. அவள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் குசினிக்குள் வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்த நாய் மறுபடி தட்டிவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி, அடுப்புக்கும் பின்கதவுக்கும் நடுவே படுத்துவிட்டது. தாச்சியைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குத் திரும்பியவள் அதில் இடறினேன். வறுத்ததெல்லாம் நிலத்தில். என் வலது புறங்கை வெந்துபோனது. அலறினேன். மச்சாளுக்கு என் அலறல் கேட்கவில்லை, முதுகைத்தான் கண்டாள். நாய்க்குத் தீனி கொடுத்து “நல்ல பிள்ளை!” என்றாள்.

அன்று பின்னேரம் கதிரையில் ஏறி அலாரத்தைத் திறந்து பற்றறியைக் கழற்றினேன். லண்டனில் இது ஒரு பெரிய குற்றம் இல்லை. சமைக்கிற தமிழ் வீடுகளில் பாதி அலாரங்களின் வயிறு வெறும் வயிறுதான். மீதிக்குப் பொலித்தீன் பை கட்டியிருக்கும். நானும் கை ஆறியதும் திரும்பப் போடலாம் என்றுதான் கழற்றினேன்.

ஆனால் அந்த அலாரத்தில் மச்சாளுக்கு வாரம் ஒரு பயிற்சி இருந்தது. சனிக்கிழமை காலை நாயை ஹோலில் விட்டுவிட்டுக் குசினிக்கு வருவாள். நிலம் கூட்டுகிற தும்புத்தடியின் காம்பால் அலாரத்தின் பொத்தானை அழுத்துவாள். அது அலறும், நாய் ஓடி வந்து தட்டிவிட்டுப் படுக்கும், தீனி கிடைக்கும். ஜில் கொடுத்த தாளில் அந்தக் கிழமைக்குச் சரி என்று அடையாளம் போடுவாள். பொத்தானை அழுத்த வீட்டில் வேறு யாராவது உதவலாம் என்று ஜில் சொல்லியிருந்தாள். கையெழுத்து மட்டும்தான் வைத்தேன், வேலைக்குச் சேரவில்லை என்று நான் மறுத்திருந்தேன்.

பற்றறி இல்லாத முதல் சனி அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் அது தெரியும். நான் சிங்கில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மணி அடிக்கிறது என்று நம்பிக்கொண்டு நாயை எதிர்பார்த்தாள். ஹோலில் இருந்த நாய் தலையை நீட்டி அவளைப் பார்த்தது. வரவில்லை, ஏன் வரவேண்டும்? தாளில் பிழை என்று போட்டாள். அந்த முதல் சனி எனக்குப் பற்றறி மறந்துதான் போயிருந்தது, அவள் அழுத்தியபோதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாம் சனி மறக்கவில்லை. தெரிந்துகொண்டே கோப்பை கழுவினேன்.

மூன்றாம் சனி நாயைத் திட்டினாள். நாலாம் சனி தும்புத்தடியை நிலத்தில் அடித்து, “காது கேக்கேல்லையோ உனக்கு!” என்று கத்தினாள். அது மேசைக்குக் கீழே போய் ஒதுங்கியது. அதற்குப் பிறகு அவள் தும்புத்தடியைத் தூக்கினாலே மேசைக்குக் கீழே போய்விடும். தாளில் ஆறு பிழை வரிசையாக விழுந்தது. அதைத் தபாலில் போடப் போனாள்.

“சும்மா சரி எண்டு போட்டு அனுப்புங்கோ மச்சாள். ஆர் பாக்கப் போகினம்?” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“பொய் எழுதேலாது. நெருப்பு விசயம்” என்றாள்.

அக்டோபரில் ஜில் வந்தாள். அவள் வரப்போகும் நேரம் எனக்குத் தெரியும், ஏனென்றால் கடிதத்தை வாசித்துச் சொன்னதே நான்தான். காலையிலேயே பற்றறியைத் திரும்பப் போட்டுவிட்டேன். நான் அவ்வளவு மொக்கு இல்லை. ஜில் தும்புத்தடியை எடுத்து அலாரத்தை அழுத்தினாள். வீடே அலறியது. நாய் தும்புத்தடியைக் கண்டதும் நேராக மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டது. மச்சாள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஜில் என்னிடம் திரும்பி, இந்தக் கிழமைகளில் அலாரம் ஒழுங்காக வேலை செய்ததா என்று கேட்டாள். மச்சாளிடம் கேட்டுச் சொல்லும்படி கேட்ட கேள்வி அது. நான் கேட்கவில்லை. ஓம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் நானே பதில் சொன்னேன்.

“என்ன கேட்டவ?” என்றாள் மச்சாள்.

“ஒண்டுமில்லை” என்றேன்.

ஜில் கவலையோடுதான் பேசினாள். நெருப்பு மணிக்கு வராத நாயை நம்பி ஒருவரை விட முடியாது. இன்னும் ஆறு கிழமை பழக்கிப் பார்க்கட்டும். அப்போதும் சரிவராவிட்டால் நாயைத் திருப்பி எடுத்து, வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டிவரும், காத்திருக்கிறவர்கள் பலர் என்றாள். இந்தப் பகுதியை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். ஜில்லின் கார் தெருமுனை திரும்பும் முன்பே கதிரையை இழுத்துப் போட்டுப் பற்றறியை மறுபடி கழற்றினேன். ஹோலில் மாதா நிற்கும் எங்கள் பூசைத் தட்டுக்குக் கீழே ஒரு லாச்சி இருக்கிறது. அதில் பழைய செபமாலைகளுக்கு நடுவே போட்டு மூடினேன். அங்கே வைத்தது பிடிபடாமல் இருக்கத்தான். மாதாவின் காலடியில் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆறு கிழமையில் ஐந்து ஓடிவிட்டன. அவள் திட்டுவதை விட்டுவிட்டாள். தும்புத்தடிக்குப் பதிலாகக் கதிரையில் ஏறிக் கைவிரலால் அழுத்தினாள், நாயைக் கெஞ்சிக் கூப்பிட்டாள். ஒரு சனி அது வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வந்து, அவளுடைய விரலை நக்கிவிட்டு அப்படியே நின்றது. படுக்கவில்லை. வந்ததற்குச் சரி போடலாம்தானே, அதற்கும் பிழை என்றே போட்டாள். எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லைதான். ஆனாலும் இன்னும் ஒரு கிழமை, பிறகு வீடு பழையபடி ஆகிவிடும் என்று எண்ணிக்கொண்டேன்.

நவம்பர் மரித்த விசுவாசிகளின் மாதம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செத்துப்போன தன் தாய்க்கு மெழுகுதிரி கொளுத்துவதற்காக மச்சாள் அந்த லாச்சியைத் திறந்தாள். மெழுகுதிரி எப்போதும் மேல் தட்டில் இருக்கும், முடிந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. நான் மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். சதுரப் பற்றறியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் குசினிக்குள் வந்தாள். சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டிப் பற்றறியின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தாள். சுள்ளென்று இழுத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

“நல்ல பற்றறி” என்றாள். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினாள்.

கதிரையில் ஏறி அதைப் பூட்டினாள். பொத்தானை அழுத்தினாள். மணி அலறியது. நான் காதைப் பொத்தினேன். அவள் பொத்தியிருந்த என் கைகளைப் பார்த்தாள். அதைவிட வேறு சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. நாய் மேசைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி, நாற்பத்தாறு வயதுப் பெண், குசினி நிலத்தில் குப்புறப் படுத்து மேசைக்குள் தலையை விட்டு, “என்ர பிள்ளை, என்னில பிழை, என்னை மன்னிச்சுக்கொள்” என்று அதன் முகத்தைத் தடவினாள். நாயிடம் மன்னிப்புக் கேட்டவள் எழும்பியதும் என் முன்னே வந்து நின்றாள்.

“எத்தினை நாளா?”

“ஆவணியில இருந்து” என்றேன். “உங்கட நாயாலதான் என்ர கை வெந்தது. இது என்ர வீடு.”

“நீதான் எண்டு சத்தியமா நான் யோசிக்கேல்லை.” அதுவரை எனக்கு ‘நீர்’ சொல்லி வந்தவள், அன்றுதான் ‘நீ’ என்றாள். “நாய்க்கு அடிக்க ஓங்கினனான். உன்னை நம்பி அதுக்கு அடிக்க ஓங்கினனான்.”

என் கணவர் பேப்பரை மடித்தார். “ரெண்டு பேரும் சத்தம் போடாதேங்கோ” என்றார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அவ்வளவுதான்.

“நாளைக்கு நாயைக் குடுத்துவிடுங்கோ, எல்லாம் முடிஞ்சுது” என்றேன்.

அவள் அறைக்குப் போய் ஒரு கடிதத்தோடு வந்தாள். அதை அஞ்சலீனா வாசித்துச் சொல்லியிருக்கிறாள், நான் கண்டதே இல்லை. லெய்டனில் ஹவுசிங் அசோசியேசன் ஒன்று அவளுக்கு ஒற்றை அறை பிளாற் ஒன்று ஒதுக்கியிருந்தது. நாய் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்ததும் கதவுத் திறப்பைக் கையில் கொடுப்பார்களாம்.

“ஏன் நாய் எடுத்தனான் எண்டு நினைச்சாய்? உன்னை விட்டுப் போறதுக்குத்தான்” என்றாள். “பதினொரு வருசம் உன்ர மூஞ்சையைப் பாத்துப் பாத்துத்தான் நான் உலகத்தை அறிஞ்சனான். இனிக் காணும். செவ்வாய்க்கிழமை ஜில் வருவா. நீ சொல்லு அவவுக்கு. சொல்லாட்டில் நாய் போகும். நான் இருப்பன். சாகுமட்டும் இஞ்சைதான் இருப்பன். ஒவ்வொரு நாளும் நாலரைக்கு நீதான் வந்து தட்டுவாய்.”

அவள் போய்விட வேண்டும் என்று நான் எத்தனை வருடம் மனசுக்குள் கேட்டிருப்பேன். அவளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அறிந்தபோது கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது. நான் அவளைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவள் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை ஜில் மேசையில் உட்கார்ந்தாள். காலையில் வேலைக்குப் போகாமல் நின்ற மச்சாள், அலாரத்திலிருந்து பற்றறியைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து என் உதடுகளைப் பார்த்தாள். ஆங்கில உதடுகள் அவளுக்கு விளங்காது. நான் எதையும் சொல்லலாம். நாய் வேண்டாமாம், எடுத்துக்கொண்டு போகட்டுமாம் என்று நான் சொன்னால் அங்கே அதை மறுக்க ஆள் இல்லை. அந்த வசனம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நாய் மேசைக்குக் கீழே என் காலடியில் கிடந்தது. அதற்கு நான் ஒரு நாளும் தீங்கு செய்யாதவள் என்ற நினைப்பு.

“நான்தான் பற்றறியைக் கழற்றினேன். இரண்டு தரம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “நாயில் பிழை இல்லை. அவளிலும் பிழை இல்லை.”

ஜில் பேனாவை மூடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். காலில் மிதிபட்ட எதையோ பார்ப்பதுபோல ஒரு பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் நான் உண்மை சொல்லிவிட்டேன் என்று மச்சாள் தெரிந்துகொண்டாள். கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டாள். 

இந்த வீட்டில் இனி ஒரு நாளும் இந்த நாயை விட முடியாது என்றாள் ஜில். கையெழுத்திட்ட தாளைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன்னே வைத்து, என் பெயருக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். மச்சாளும் நாயும் நிலையத்துக்கு வரட்டும், தும்புத்தடிப் பயம் போகும்வரை அங்கே பழக்கலாம், பிறகு பிளாற்றுக்கே நேராகப் போகட்டும் என்றாள். இதையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. அதுதான் நான் மச்சாளுக்குச் சொன்ன கடைசி மொழிபெயர்ப்பு. ஒரு மணி நேரத்தில் இரண்டு பையும் மாதா சொரூபமும் நாயும் ஜில்லின் காரில் ஏறின. என் கணவர் பைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, “நீர் செய்தது சரியில்லை” என்றார். இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் எனக்குச் சொன்ன மிகக் கடுமையான வார்த்தை அது.

பெப்ரவரியில் அவள் பிளாற்றுக்குப் போனாள். நாய் திரும்பவும் ஒழுங்காகிவிட்டது என்று என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கோயிலில் எங்களுக்கு மூன்று வாங்கு முன்னால் உட்காருவாள். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் எல்லாப் பக்கமும் திரும்புவாள், எங்கள் பக்கம் மட்டும் திரும்பமாட்டாள்.

பாஸ்கு ஞாயிறு, ஈஸ்டர் அன்று, நான் ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன், நானே வறுத்த தூளில், உப்பைக் கொஞ்சம் கூடவே போட்டு. சட்டியைத் துவாயில் கட்டிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், பஸ் எடுத்து லெய்டனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா என்றால், இல்லை. கறி கொடுக்கப் போனேன். எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது.

நிலத்தளம், தனி வாசல், பனிக்கண்ணாடி வைத்த கதவு. மணியை அழுத்தினேன். உள்ளே நாலு கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கால்களோடு இரண்டு கால்களும் சேர்ந்து வந்தன. கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய உருவம் கதவோடு ஒட்டி நின்றது, பார்க்கும் துளை இருண்டது. சட்டியை உயர்த்திக் காட்டினேன். “மச்சாள், நான்தான்” என்று அவள் படிக்கும்படி வாயை அகலத் திறந்து சொன்னேன்.

உருவம் குனிந்தது. பையிலிருந்து எதையோ எடுப்பது தெரிந்தது. “நல்ல பிள்ளை!” என்றாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி. நிமிர்ந்து, திரும்பி, உள்ளே போய்விட்டாள். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தது. குனிந்தாள், கொடுத்தாள், “நல்ல பிள்ளை!” என்றாள், போய்விட்டாள். மூன்றாம் முறை விரலை வைத்துவிட்டு அழுத்தாமல் எடுத்தேன். மணி கேட்கவில்லை என்று அவள் இனி யாருக்கும் சொல்ல முடியாது. நாய் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். கறியின் சூடு துவாயைத் தாண்டித் தொடையில் சுட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பதினொரு வருடம் விடியக்காலையில் அவளைத் தட்டி எழுப்பியவள் நான். ஒரு நாளாவது அந்த வார்த்தையை அவள் எனக்குச் சொல்லியிருக்கலாம்.